கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்

(திண்டிவனத்தில் நண்பர்கள் கூட்டிய வாசகர் சந்திப்பில் பேசியது. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்ட தோழர், ‘நீங்க படிச்ச தலித் இலக்கியத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்க’ என்று சொன்னார். நான் விமர்சகன் இல்லை. கோட்பாடெல்லாம் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஆள். ஆனால் படிக்கிறவன். அவரிடம் சொன்னேன்: ‘தலித் இலக்கியம் மட்டும்னா வரமாட்டேன். நான் படிச்ச எல்லாத்தையும் பத்திப் பேசுவேன், சங்கர்லால் உட்பட.’ அவர் சிரித்தார். அப்புறம் சரி என்றார்.

ஏன் இந்த அடம் என்றால், நம்மைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். ‘கருக்கு படிச்சிருக்கீங்களா?’ பொன்னியின் செல்வனைப் பற்றி நம்மிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. சேரிக்காரன் சேரியைப் பற்றிப் பேசலாம், சோழனைப் பற்றி வேற ஆளுங்க பேசிக்குவாங்க. டீக்கடையில் தனிக் குவளை வைத்த மாதிரி புத்தக அலமாரியிலும் நமக்கென்று ஒரு தட்டு ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தட்டில் இருக்கிற புத்தகங்கள் எனக்கு உயிர். ஆனாலும் மற்ற தட்டுகளை விட்டுக் கொடுக்கிறதா இல்லை.

எங்க ஊர் விக்கிரவாண்டிக்குப் பக்கம். காலனிதான். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி கூட்டுற வேலை. அப்போது மீட்டர்கேஜ். பாசஞ்சர் வண்டிகள் விழுப்புரத்தில் வந்து நின்று யார்டுக்குப் போகும். பெட்டிகளைக் கூட்டினால் வேர்க்கடலைத் தோல், வாழையிலை, வெற்றிலை எச்சில், இதோட ஜனங்க படிச்சிட்டு விட்டுட்டுப் போன புத்தகமும் கிடக்கும். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் அச்சடித்த எதையும் குப்பையில் தள்ள மனசு வராது. சாயந்தரம் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வருவார். என்ன புத்தகம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் தேர்வு என்பதே கிடையாது. ராணிமுத்து வரும், கல்கண்டு வரும், முத்து காமிக்ஸ் வரும். ஒரு தடவை மாட்டு வைத்தியம். ஒரு தடவை ஜோசியம். இன்னொரு தடவை ரயில்வே கால அட்டவணை. அதையும் படிச்சேன்.

எல்லாத்துக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. கடைசிப் பக்கம் இருக்காது. வடை மடிக்கவோ கை துடைக்கவோ யாராவது கிழிச்சிருப்பாங்க. தமிழ்வாணனின் சங்கர்லாலை நான் அப்படித்தான் படிச்சேன். சங்கர்லால் தேநீர் குடிப்பார், யோசிப்பார், வெளிநாடு போவார், நல்ல தமிழ் பேசுவார். கொலைகாரன் யாரென்று சொல்லப் போகிற நேரத்தில் புத்தகம் முடிஞ்சிடும். நானே முடிவு பண்ணிக்கணும். அந்தக் காலத்துத் துப்பறியும் கதைகளில் பங்களாவில் கொலை நடந்தால் முதல் சந்தேகம் சமையல்காரன் மேல, தோட்டக்காரன் மேல, வாட்ச்மேன் மேலதான் விழும். என் முடிவில் ஒரு தோட்டக்காரனும் மாட்டினதில்லை. பங்களாக்காரனைத்தான் ஜெயிலுக்கு அனுப்புவேன். பிற்பாடு முழுப் புத்தகங்கள் கிடைத்தபோது பார்த்தால் பாதிக்கு மேல் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. துப்பறியும் கதையைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்கிறவன் சொல்வதை அப்படியே நம்பாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். தோழர்கள் இதையே ‘கட்டுடைத்தல்’ என்று சொன்னபோது எனக்கு அது புதுசாகத் தெரியவில்லை.

இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸில் முதல் புத்தகம் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து போவான், இரும்புக் கை மட்டும் தெரியும். எங்க காலனிக்கு அப்போ கரண்டே கிடையாது. மாயாவி எங்க தெருவுக்கு வந்தால் மறைய வழியில்லை. ஆனால் எனக்கு அந்த ஆசை பெரிசா இருந்தது. மறைஞ்சு போய்ப் பேங்கில் கொள்ளையடிக்க இல்லை. ஊர்த்தெரு வழியா, செருப்பு போட்டுக்கிட்டு, யார் கண்ணிலும் படாமல் பள்ளிக்கூடம் போகணும். அவ்வளவுதான். வெள்ளைக்காரன் வரைஞ்ச படக்கதையில் ஒரு சேரிப் பையனுக்கு இப்படி ஒரு ஆசை கிடைக்கும்னு அவன் நினைச்சிருக்க மாட்டான்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்கள். எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. அப்பா ரெண்டு நாள் வீட்டுக்கு வரலை, ஸ்டேஷனிலேயே இருந்தார். மூணாம் நாள் வந்தார். அந்த வாரம் சட்டைக்குள் புத்தகம் எதுவும் இல்லை. என்ன நடந்ததுன்னு அவர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, சாகிறவரைக்கும் சொல்லலை. அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

நூலகக் கதை ஒன்று. எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்று ஊர்த்தெருவில் இருந்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை, இப்போ இருக்கிறவர்கள் நல்லவர்கள். உறுப்பினர் ஆகணும்னு போனேன். பத்தாவது படிக்கிறேன். ஜாமீன் கையெழுத்து வேணும், கெஜட்டட் ஆபீசர் யாராவது போடணும் என்றார்கள். எங்க காலனியில் கெஜட்டட் ஆபீசருக்கு எங்கே போறது? ஊர்ப் பையன்களுக்கு மாமா, பெரியப்பா என்று யாராவது இருந்தார்கள். விதி எல்லோருக்கும் ஒரே விதிதான், எழுத்தில் சாதி இல்லை. வாசலில் மட்டும்தான் இருந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கு ஐந்து விதி வகுத்து 1931இல் புத்தகம் போட்டவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும் என்பது அதில் இரண்டாவது. நூலக வரி வீட்டு வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள். காலனி வீட்டிலும்தான் வாங்குகிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போ தெரிஞ்சதெல்லாம் ஒரு கையெழுத்து.

ஒன்பது மாசம் அலைஞ்சேன். கடைசியில் எங்க ஆயாவோட மாட்டுக்கு வயிறு உப்பிப் போச்சுன்னு வந்த கால்நடை டாக்டர் போட்டார். அவர் வைத்தியம் பார்க்கும்போது, அப்பா கொண்டுவந்த மாட்டு வைத்தியப் புத்தகத்தில் இருந்ததை நான் இடையில் சொன்னேன். அந்த மனுஷன் திரும்பிப் பார்த்து, ‘எங்கடா படிச்ச?’ன்னார். விஷயத்தைச் சொன்னேன். பேனாவை எடுத்தார். எந்தப் புத்தகம் எதற்கு உதவும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கையெழுத்தில் எடுத்த முதல் புத்தகம் பொன்னியின் செல்வன் முதல் பாகம். பொய் சொல்ல மாட்டேன், சோறு தண்ணி இல்லாமல் படிச்சேன். ஐந்து பாகமும். 1950லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடர். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரை மேல் குதிரையில் வருகிற ஆரம்பம் இன்னைக்கும் எனக்குப் பிடிக்கும். வேகம், சிரிப்பு, சதி எல்லாம் அந்தாளுக்குக் கைவந்திருக்கு. ஆனால் இத்தனை பாகத்தில் எத்தனை ஊர் வருது, கோட்டை வருது, சத்திரம் வருது, படகு வருது. சேரி மட்டும் எங்கே போச்சுன்னு ஒரு கேள்வி. அப்போ இதைக் கேட்கத் தெரியலை. சின்னதா ஒரு பசி மாதிரி இருந்தது.

பதில் வேற புத்தகத்தில் கிடைத்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி. படிக்கக் கடினமான புத்தகம், கதையே கிடையாது. அந்த நாவலின் நாயகன் அருள்மொழி, ராஜராஜனாகி தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினானே, அந்தக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறான். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று ஒரு கணக்கு. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலேயே பறைச்சேரி. அதோடு தீண்டாச்சேரி என்று ஒரு சொல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லில். நாவலாசிரியருக்குத் தெரியாத விஷயமில்லை, கல்வெட்டெல்லாம் புரட்டித்தான் அந்தக் கதையைக் கட்டினார். குதிரை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். வீராணம் ஏரி இருக்கிற அதே காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரர்தான் எல். இளையபெருமாள். தீண்டாமையை ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அறிக்கை கொடுத்தவர். வந்தியத்தேவன் போன பாதையில் இளையபெருமாளை நடக்கவிட்டு யாராவது ஐந்து பாகம் எழுதுங்கப்பா. நான் முன்பணம் கட்டி வாங்குகிறேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் புத்தகம் எடுத்தாலும், எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். தெருவுக்குள் நிற்கிறாரா, தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாரா? குருதிப்புனல் படித்தபோது ரொம்பக் கோபம் வந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட சண்டை அது. இந்திரா பார்த்தசாரதி அதை நாவலாக்கி 1977இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கினார். நாவலில் பண்ணையாரின் ஆண்மைக்குறைவு கதையின் நடு மையத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 44 பேரின் சாவுக்கு ஒருத்தனுடைய படுக்கையறைக் குறை காரணமாயிடுச்சு. அப்படிப் பார்த்தால் நிலத்தைப் பத்திப் பேச வேண்டாம், கூலியைப் பத்திப் பேச வேண்டாம், ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால் போதும். நன்றாக எழுதத் தெரிந்தவர்தான். டெல்லியில் இருந்து வந்த நகரத்துப் பாத்திரங்களின் கண்ணால் ஊரைக் காட்டுகிறார். சேரி ஜனங்கள் அதில் பேசுவதைவிட எரிவதுதான் அதிகம்.

பழமலய்யின் சனங்களின் கதை வேற மாதிரி. 1988. விழுப்புரம் அரசுக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். நம் பக்கத்துப் பேச்சை அப்படியே கவிதையில் போடலாம் என்று தைரியம் கொடுத்த புத்தகம். அதை மறுக்கவே முடியாது. ஆனால் அந்தச் சனங்களில் என் சனம் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கு என்று தேடிக்கொண்டேதான் படிச்சேன். இது பழி இல்லை. அவர் தன் தெருவை எழுதினார். என் தெருவை நான்தானே எழுதணும்?

ரெட்டைமலை சீனிவாசன் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கம், 1939இல் வந்தது. சின்னப் புத்தகம். ஒரே மூச்சில் முடிச்சிடலாம். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்துக்காரர், இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோயமுத்தூரில் படிக்கும்போது சாதி தெரிஞ்சிடுமோன்னு பயந்து, மணி அடிக்கிறவரைக்கும் வெளியே எங்கேயாவது இருந்துவிட்டு வகுப்புக்குள் நுழைவாராம். விட்டதும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு விறுவிறு என்று நடை. 1893இல் ‘பறையன்’ என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்திய ஆள். லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த ஆள். அவருக்கே அந்தப் பயம் இருந்தது என்று படிச்சபோது எனக்குத் துக்கம் வரலை, ஒரு நிம்மதி வந்தது. மாயாவி ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க வேண்டாம். உ.வே. சாமிநாதையருடைய என் சரித்திரம் எவ்வளவு தடிமன்! எந்த ஊரில் எந்த வீட்டில் யார் என்ன சாப்பாடு போட்டார்கள் என்பதுவரை இருக்கும். சுவையான புத்தகம், நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். ஓலைச்சுவடிக்காக வீடு வீடாகப் போனவர். அந்த வீடுகளில் நம் வீடு இல்லை. தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த குறள் ஏடுதான் எல்லிஸ் துரையிடம் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பரணிலும் ஏடு இருந்திருக்கிறது. நம்மவர் சரித்திரம் சுருக்கமாகவும் மற்றவர் சரித்திரம் விரிவாகவும் இருப்பதற்குக் காகித விலை காரணமில்லை.

ஏழு தலைமுறைகள் பற்றி ஒரு வார்த்தை. அலெக்ஸ் ஹேலியின் புத்தகம், 1976இல் ஆங்கிலத்தில் வந்தது. குண்டா கிண்டே. படித்துவிட்டு என் தாத்தாவுக்கு அப்பா பேர் என்னன்னு வீட்டில் கேட்டேன். யாருக்கும் தெரியலை. பிற்பாடு, அதில் சில பகுதிகள் வேறொருவர் நாவலிலிருந்து வந்தவை என்று வழக்குப் போட்டு, 1978இல் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தபோது ஏமாந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் புத்தகத்தைத் தூக்கிப் போடலை. அந்தக் கேள்வி என்னுடையது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

கருக்கு 1992இல் வந்தது. பாமாவின் பேச்சு தெக்கத்திப் பேச்சு. நமக்குப் பழக ரெண்டு பக்கம் ஆகும். அப்புறம் ஓடும். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலில் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்த்து அந்தச் சின்னப்பெண் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் அண்ணன் விளக்கம் சொல்வான். எனக்கு அந்தச் சிரிப்புதான் முக்கியம். விளக்கம் வருவதற்கு முந்தின சிரிப்பு. அதை எழுத ஒரு நேர்மை வேணும். பூமணியின் பிறகு நாவலும் அந்த மாதிரிதான், 1979இலேயே சத்தம் போடாமல் எழுதினார். சத்தமில்லாததால் நம்மில் பல பேர் அதைக் கவனிக்கலை.

இனிமேல் சொல்லப் போவது கொஞ்சம் கஷ்டமானது.

இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தபோது நம் ஆட்களுக்குள்ளேயே சண்டை. தலித்துக்குள் தலித் ஒடுக்குகிறான் என்று காட்டினால் சாதி இந்துக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டார்கள். நானும் டீக்கடையில் நின்று அப்படித்தான் பேசினேன், புத்தகத்தைப் படிக்காமலே. அப்புறம் வாங்கிப் படிச்சேன். ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணார்ப் பெண். சேரிக்குத் துணி வெளுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, சாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, ராத்திரி வாசல் வாசலாகச் சோறு வாங்கிப் பிழைக்கிறவள். கடலூர், விழுப்புரம் பக்கத்து மண், பேச்சு எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பாதியில் மூடி வைத்துவிட்டேன். பிடிக்காமல் இல்லை. எனக்கு ஒரு சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

எங்க காலனிக் கோடியில் ஒரே ஒரு வண்ணார் வீடு. அந்தம்மாவுக்கு எங்க ஆயா வயசிருக்கும். ராத்திரி குண்டானோடு வரும். எங்கம்மா சோத்தைத் தூக்கி ஊத்துவாங்க. வாசப்படி ஏற விடமாட்டாங்க. அந்தம்மா என்னைக் கூப்பிடுவது ‘சாமி’ன்னு. எனக்குப் பத்து வயசு. ஊர்த்தெருவில் எங்கப்பா மத்தவங்களைக் கூப்பிடுகிற அதே வார்த்தை. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகணும், வெளுக்கப் போட்ட சட்டை வரலை. தெருவில் நின்னு கத்தினேன். ‘வண்ணாத்தி, எங்கடி என் சட்டை?’ பத்து வயசுப் பையன். அந்தம்மா கையைக் கட்டிக்கிட்டு, ‘கோச்சிக்காத சாமி, மழையில காயலை’ன்னு சொல்லிச்சு. எங்கம்மா பக்கத்திலேதான் நின்னாங்க. ஒரு வார்த்தை என்னைக் கண்டிக்கலை. கண்டிக்கணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. அப்பாவை ஸ்டேஷனில் ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர்களை நினைத்து ராத்திரியெல்லாம் பல்லைக் கடிப்பேன். அதே பையன்தான்.

புத்தகத்தை முடித்துவிட்டு அந்தம்மாவைப் பார்க்கப் போனேன். செத்து நாலு வருஷம் ஆயிருந்தது. மகன் ஊரைவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் இஸ்திரிக் கடை போட்டிருந்தான். என்னைவிடச் சின்னவன். சட்டைக் கதையைச் சொல்லி, மன்னிச்சுக்கப்பா என்றேன். அவன் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கலை. தேய்ச்சுக்கிட்டே கேட்டான்: ‘இது தெரிய உங்களுக்கு ஒரு புக்கு வர வேண்டியிருந்துதாண்ணே?’

எனக்குப் பதில் இல்லை. புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாவது வரைக்கும் படிச்சவன். ஒரு மாசம் கழிச்சுப் போனபோது திருப்பிக் கொடுத்தான். எப்படிப்பா இருக்குன்னேன். ‘நெசமாத்தான் எழுதிகிறாரு. ஆனா அந்தம்மா நெறைய அழுவுதுண்ணே. எங்கம்மா அழுவாது. உங்க எல்லார் மாதிரியும் பேசிக் காட்டும். நாங்க ராத்திரி சிரிச்சிக்கினு கெடப்போம்’ என்றான். கோவேறு கழுதைகளைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரை படிச்சிருக்கேன், தாக்கியும் தூக்கியும். இந்த விமர்சனத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. நம்மைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு எந்தப் புத்தகத்திலாவது வந்தால் எனக்குச் சொல்லுங்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறது என்கிற பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். ஆயுதம் வேண்டும் என்கிறவன் புத்தகக் கடைக்கு வந்தா வாங்குகிறான்? அரசாங்கம் 2009இல் புதிரை வண்ணாருக்கு நல வாரியம் அமைத்தது. அந்தப் பையன் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அதற்கப்புறமும் அலைந்தான். கூட நானும் அலைந்தேன். அது வேற கதை.

விழி. பா. இதயவேந்தன் நம்ம விழுப்புரத்துக்காரர். 2022இல் போய்ச் சேர்ந்துவிட்டார். நந்தனார் தெரு தொகுப்பைப் படித்துவிட்டு அந்தச் சந்துகளில் நடந்து பார்த்திருக்கேன். சில கதைகள் அவசரத்தில் முடியும், கடைசியில் ஒரு கோஷம் கேட்கும். அதை ஒளிக்க வேண்டியதில்லை, நம்ம ஆள் என்பதற்காகத் தட்டிக் கொடுத்தால் அதுவும் ஒருவகைத் தனிக் குவளைதான். ஆனால் துப்புரவு வேலை செய்கிற வீட்டில் விடியற்காலை எப்படி ஆரம்பிக்கும் என்று எழுத அவருக்குத் தெரியும். தகழியின் தோட்டியின் மகன், சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது, நாவலாகப் பெரிய உயரம். நான் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்பா கையில் இருந்த நாற்றம் எதில் இருக்கிறது என்று கேட்டால் இதயவேந்தனில்.

நான் அதிகம் தடவை படிச்ச புத்தகம் எது தெரியுமா? கதை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. தமிழில் போட்ட சிறு பிரசுரம். சட்டைப்பை அளவு. 1990 ஜனவரி 30இல் அமலுக்கு வந்தது. மூன்றாவது பிரிவை எடுத்துக் கதை மாதிரி ஒருமுறை படிச்சுப் பாருங்கள். தின்னக் கூடாததைத் தின்ன வைத்தல். வீட்டு வாசலில் மலத்தையும் செத்த மாட்டையும் கொண்டுவந்து போடுதல். துணியை உருவி நடக்க வைத்தல். நிலத்தைப் பிடுங்குதல். குடிக்கிற தண்ணியைக் கெடுத்தல். வீட்டைவிட்டு, ஊரைவிட்டுத் துரத்துதல். முதலில் பதினைந்து வகை. 2015 திருத்தத்தில் இன்னும் நீண்டது, 2016 ஜனவரி 26லிருந்து நடைமுறை. செருப்பு மாலை போடுதல், மீசையை எடுத்தல், செருப்பு போடக் கூடாதென்று தடுத்தல், சைக்கிள் ஓட்டத் தடுத்தல், கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகத் தடுத்தல். சட்டம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் கற்பனை பண்ணி எழுதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கேயோ ஓர் ஊர், ஓர் ஆள். முதல் வகை சட்டத்தில் ஏறிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் அதையே செய்தார்கள். இந்தியாவில் இதைவிடச் சுருக்கமாக எழுதப்பட்ட தலித் நாவல் எனக்குத் தெரியாது. நடை வறண்ட நடை. உவமை கிடையாது. ஆனால் மாயாவி ஆசைப்பட்ட அந்தச் செருப்பு அதில் ஒரு வரியாக இருக்கிறது. நான்காவது பிரிவையும் விடாதீர்கள். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு என்கிற பிரிவு. புகார் கொடுக்கப் போகிறபோது அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்திருக்கிறேன். சில நேரம் பேனா எடுத்தார்கள், சில நேரம் எடுக்கலை.

அம்பேத்கர் தொகுதிகளைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போடணும். தமிழில் 37 தொகுதி. நான் இருபத்திரெண்டுதான் முடிச்சிருக்கேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1917இல் அவர் லண்டனிலிருந்து திரும்பும்போது, அவர் சேர்த்து வைத்த புத்தகங்கள் தனிக் கப்பலில் வந்தன. உலகப் போர் நேரம். கப்பலைத் தாக்கி மூழ்கடித்துவிட்டார்கள். அந்த மனுஷன் திரும்பவும் முதலிலிருந்து சேர்த்தார். பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டினதே புத்தகத்தை மனசில் வைத்துத்தான். அந்த அலமாரியில் பொருளாதாரம், சட்டம், புத்தம், சரித்திரம், எல்லாம் இருந்தது. அவருக்கு ஒரு தட்டு மட்டும் ஒதுக்க யாராலும் முடியலை.

நேரமாச்சு. தோழர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இளைஞர்கள் லிஸ்ட் கேட்டார்கள், லிஸ்ட் கொடுக்க மாட்டேன். இந்தப் பையில் பதினோரு புத்தகம் இருக்கு. நான் பேசின சிலதும் இருக்கு, பேசாததும் இருக்கு. ஒரு சங்கர்லால் இருக்கு, கடைசிப் பக்கம் இல்லை, இப்பவே சொல்லிடறேன். இஸ்திரிக் கடைத் தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கார், நோட்டு அவர்கிட்ட. எடுக்கிறவங்க பேரை மட்டும் எழுதிட்டுப் போங்க. ஜாமீன் கையெழுத்து வேண்டாம்.